டியூப்லெஸ் சைக்கிள் டயரை உட்கார வைக்க: ஏர் டேங்கா, பஞ்சர் கடை கம்ப்ரஸரா, பேட்டரி பம்ப்பா?

ஆரோவில் செம்மண் பாதையிலும் கடலூர்ப் பக்கத்து முந்திரித் தோப்புகளிலும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு டியூப்லெஸ் எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. சீமைக்கருவேல முள் சொல்லிக்கொடுத்துவிடும். தொல்லை டயரை மாட்டும் நாளில்தான். பம்ப்பை எவ்வளவு அடித்தாலும் காற்று ஓரமாகப் புஸ்ஸென்று வெளியேறிக்கொண்டே இருக்கும். உடனே அட்டையில் 150 பிஎஸ்ஐ என்று போட்ட பேட்டரி பம்ப்பை வாங்கிவருகிறார்கள். அதிலும் வேலை நடக்காது.

அட்டையில் பார்க்க வேண்டிய எண் அது இல்லை. டயரின் விளிம்பில் உள்ள பீட், ரிம்மின் நடுப்பள்ளத்திலிருந்து ஏறி ஓரத்து மேடையில் உட்கார வேண்டும். அதுவரை சுற்றிலும் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி வழியாக ஒழுகுவதைவிட வேகமாகக் காற்று உள்ளே வந்தால்தான் டயர் உப்பும், பீட் 'டப்' என்று ஏறும். அழுத்தம் எவ்வளவு என்பதைவிட, ஒரு நொடிக்கு எத்தனை லிட்டர் என்பதே கேள்வி. கையடக்கப் பேட்டரி பம்ப் சாதாரணமாக நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் தள்ளும். நொடிக்குக் கால் லிட்டரைத் தாண்டாது. காரில் செருகும் 12 வோல்ட் பம்ப் அதைப்போல இரண்டு மடங்கு இருக்கலாம், அதுவும் போதாது. உட்கார்ந்த டயருக்குக் காலையில் காற்று ஏற்ற இவை அருமையான சாமான்கள். உட்கார வைக்கும் வேலைக்கு இவற்றை வாங்கக் கூடாது.

ஏர் டேங்கில் நடப்பது வேறு. ஷ்வால்பே டயர் பூஸ்டர் போன்ற ஒரு லிட்டரைச் சற்றே தாண்டும் அலுமினியக் குப்பியை, சாதாரண ஃப்ளோர் பம்ப்பால் (தரையில் நிறுத்திக் கையால் அடிக்கும் பம்ப்) 11 பார், அதாவது 160 பிஎஸ்ஐ வரை அடைத்து வைக்கிறோம். ஒரு லிட்டர் குப்பிக்குள் சுமார் 11 லிட்டர் காற்று கூடுதலாகச் சேர்ந்திருக்கும். திறந்தால் ஓரிரு நொடியில் அத்தனையும் வெளியே வரும். 700x40 (40 மி.மீ. அகல) டயரின் உள்கொள்ளளவு ஏறக்குறைய 2.6 லிட்டர். ஒழுகலே இல்லாவிட்டால் டேங்கும் டயரும் சமமாகும்போது 44 பிஎஸ்ஐ நிற்கும். 29x2.3 (2.3 அங்குல அகல) டயருக்கு 5 லிட்டருக்கு மேல் கொள்ளளவு, அதில் 26 பிஎஸ்ஐ அளவுக்குத்தான் வரும். அதனால் குண்டு டயருக்கு ஒரே அடைப்பில் உட்காரவில்லை என்றால் டேங்கைக் குறை சொல்ல வேண்டாம். சோப்புத் தண்ணீர் தடவி இன்னொரு முறை அடைத்து விடுங்கள். ஒரு முறை அடைக்க 40 தடவைக்கு மேல் அடிக்க வேண்டியிருக்கும், கடைசிப் பத்து அடிக்குத் தோள்பட்டை வலிக்கும். டேங்கோடு சேர்ந்தே வரும் ஃப்ளோர் பம்ப்புகளும் இருக்கின்றன. டோப்பீக் ஜோப்ளோ பூஸ்டர் அப்படிப்பட்டது. வீட்டில் ஒரே சாமானாக இருக்கட்டும் என்பவர்களுக்கு அது சௌகரியம். ஏற்கெனவே நல்ல பம்ப் இருந்தால் தனி டேங்கே போதும்.

எந்த வழியானாலும் வால்வின் உள்கோரை, அதாவது தண்டுக்குள் திருகியிருக்கும் சின்ன உள்பாகத்தை, கழற்றிவிட்டுத்தான் காற்றை விட வேண்டும். பிரெஸ்டா என்னும் மெல்லிய சைக்கிள் வால்வில் அந்தக் கோர்தான் காற்றுக்குப் பெரிய தடை. டேங்க் வாங்கியும் உட்காரவில்லை என்று சொல்பவர்களில் பலர் கோரோடு விட்டவர்கள். வால்வு மேல்பக்கம் இருக்கும்படி சக்கரத்தைப் பிடித்து, ஹோஸை வெறும் தண்டில் அழுத்தித் திறக்கவும். இரண்டு பக்கமும் 'டப் டப்' என்று கேட்டதும் ஹோஸை எடுத்து, கட்டைவிரலால் மூடி, கோரைத் திருகிவிட்டு 30 பிஎஸ்ஐ அடித்துப் பாருங்கள். டயரின் பக்கத்தில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே தூரத்தில் இருந்தால் சரி. ஓரிடத்தில் அது ரிம்முக்குள் முழுகினால் பீட் அங்கே இன்னும் பள்ளத்தில்தான் கிடக்கிறது. ஸீலன்ட் (முள் குத்திய ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்) இல்லாமல் முதலில் உட்கார வைத்துவிட்டு, பிறகு வால்வு வழியாக சிரிஞ்சில் ஏற்றுவது சுத்தமான முறை: 40 மி.மீ. டயருக்கு 60 மி.லி., 2.3 அங்குல டயருக்கு 100 மி.லி. இந்த ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும், உலர்ந்துவிடும்.

இனி பஞ்சர் கடை. அரியாங்குப்பம், தவளக்குப்பம் வழியாகக் கடலூர் போகும் சாலையில் காற்று அடிக்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அங்குள்ள கம்ப்ரஸரின் டேங்க் மட்டுமே நூறு லிட்டருக்குப் பக்கம், உள்ளே 8 பார் அளவுக்குக் காற்று. வேகத்தில் நம் டேங்க் அதன் கால்தூசிக்கு வராது. ஆனால் அவர்கள் கையில் இருப்பது பைக், லாரி வால்வுக்கான வாய். பித்தளை அடாப்டரை மாட்டினால் அது பொருந்தும், ஆனால் துளை சின்னது, வேகம் அங்கேயே செத்துவிடும். ரப்பர் முனை வைத்த ஏர் கன் இருக்கிறதா என்று கேளுங்கள்; கோர் எடுத்த தண்டில் அதை அழுத்தினால் ஒரு நொடியில் வேலை முடியும்.

ஆபத்தும் அந்த ஒரு நொடியில்தான். டயரின் பீட்டைப் பிடிக்க ஓரத்தில் கொக்கி இல்லாத ஹுக்லெஸ் ரிம்முக்கு உச்சவரம்பு 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. உட்கார்ந்த கணத்துக்குப் பிறகும் காற்றைப் பிடித்திருந்தால் கம்ப்ரஸர் அந்த எல்லையைச் சட்டென்று தாண்டிவிடும். டயர் ரிம்மைவிட்டுத் தெறிக்கும், முகத்தில் அடிக்கும். "அண்ணே, ஒரு நொடி மட்டும் விடுங்க, டப்புனு கேட்டதும் எடுத்துடுங்க" என்று முன்பே சொல்லி வைப்பது அவசியம். பெட்ரோல் பங்க் டிஜிட்டல் மெஷின் இதற்கு உதவாது. அது முதலில் டயரில் உள்ள அழுத்தத்தை அளக்கும். பூஜ்யம் என்று வந்தால் பலவும் காற்றே விடாது.

16 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு குப்பியிலிருந்து 8, 9 லிட்டர் வாயு கிடைக்கும், வேகமும் உண்டு. வழியில் கழன்ற டயரைத் திரும்ப ஏற்ற ஒன்று பையில் இருக்கட்டும். ஆனால் அதன் குளிரும் வாயுவும் சில லேடெக்ஸ் ஸீலன்ட்டைக் கட்டியாக்கிவிடும், வாயுவும் ஓரிரு நாளில் ரப்பர் வழியே கசிந்துவிடும். வீட்டு வேலைக்கு வேண்டாம்.

குளிர்பானப் பாட்டிலில் இரண்டு வால்வு பொருத்தி டேங்க் செய்வதை எந்தக் காரணத்துக்காகவும் முயற்சிக்காதீர்கள். அந்த பிளாஸ்டிக் வெயிலில் பலமிழக்கும், வெடிக்கும்போது முன்னறிவிப்பு தராது. பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரும் அழுத்தம் தருமே தவிர வேகம் தராது. தரமான டேங்க் இணைக்காமல் அதற்கு இங்கே வேலை இல்லை.

எதையும் வாங்கும் முன், ரிம்மின் கம்பித் துளைகளை மூடும் ரிம் டேப்பை இன்னொரு சுற்று சுற்றிப் பாருங்கள். ரிம்மின் உள்அகலத்தைவிட 2 முதல் 5 மி.மீ. அகலமான டேப். நடுப்பள்ளம் கொஞ்சம் உயரும், பீட்டுக்கும் ரிம்முக்கும் இடைவெளி குறையும், பல ரிம்களில் அதற்குப் பிறகு சாதாரண ஃப்ளோர் பம்ப்பே போதும். புது டயர் மடிந்து சுருண்டிருந்தால் ஒரு ராத்திரி ட்யூப் போட்டு ஊதி வைத்து, மறுநாள் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி ட்யூபை எடுங்கள். அப்போது உட்கார வேண்டியது ஒரு பக்கம்தான்.

மாதம் ஒரு தடவைக்குக் குறைவாக டயர் மாற்றுகிறவருக்கு, கடை அருகில் இருந்தால், ஒரு கோர் கழற்றும் கருவியும் கடைக்காரரின் ஏர் கன்னும் போதும். இரண்டு மூன்று சைக்கிள் உள்ள வீட்டுக்கும், ஞாயிறு விடியற்காலையில் கிளம்புகிறவருக்கும் அலுமினிய டேங்க்தான் சரி. அலுமினியம் என்று அழுத்திச் சொல்வது கடல்காற்றுக்காக. இரும்பு டேங்க் உள்ளேயே துருப்பிடிக்கும். ஈரமான நாளில் ஒரு கன மீட்டர் காற்றை அடைத்தால் அதிலிருந்து 20 கிராம் அளவுக்குத் தண்ணீர் பிரியும். சின்ன டேங்குக்கு அது சொட்டுக்கணக்கு; நாள் முழுக்க ஓடும் கடைக் கம்ப்ரஸருக்கு லிட்டர் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடைக்குப் போனால் வால்வில் வைக்கும் முன் ஏர் கன்னை வெள்ளைத் தாளில் ஐந்து நொடி பிடியுங்கள். ஈரம் தெரிந்தால் கம்ப்ரஸர் டேங்கின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பொட்டு தெரிந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். எண்ணெய் ரப்பரையும் ஸீலன்ட்டையும் கெடுக்கும்.