கழுத்து வலிக்கு எந்த மசாஜ்?

நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து கழுத்து இறுகிப்போன ஆள் நான். வலி தீர நாலு வகை மசாஜ் செஞ்சு பார்த்தேன். அதனால என் மதிப்பீடும் கழுத்து, தோள் பக்கமே சாயும்.

ஸ்வீடிஷ் மசாஜ் சுகம்தான். எண்ணெய் தடவி நீளமா நீவுறாங்க, பிசையுறாங்க. பாதியிலேயே தூக்கம் வந்துடும். வலி மட்டும் இருந்த இடத்துலேயே இருந்துச்சு.

எனக்குக் கைகொடுத்தது டீப் டிஷ்யூ, அதாவது தசையோட ஆழம் வரைக்கும் அழுத்துற மசாஜ். தோள்பட்டை எலும்போட உள் ஓரத்துல கோலிக்குண்டு மாதிரி ஒரு முடிச்சு. மசாஜ் செஞ்ச அம்மா முழங்கையை அதுமேல வச்சு, நான் மூச்சை விட விட மெதுவா எடையை இறக்கினாங்க. உயிர் போயிட்டு வந்துச்சு! மறுநாள் முழுக்கத் தொட்டாலே வலி. அதுக்கப்புறம்தான் வண்டி ஓட்டும்போது தலையைத் திருப்பிப் பின்னாடி பார்க்க முடிஞ்சது. நிரந்தரத் தீர்வெல்லாம் இல்லை. "முதல்ல நாற்காலியை மாத்துங்க சார்"னு அவங்களே சொல்லிட்டாங்க.

தாய் மசாஜுக்கு எண்ணெய் கிடையாது, உடையும் கழற்ற வேண்டாம். தரையில மெத்தை போட்டு உடம்பை வளைச்சு இழுக்குறாங்க. 2019-ல யுனெஸ்கோவோட கலாச்சாரப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த கலை. இடுப்பு விறைப்புக்கு அருமை. சூடான கல்லை உடம்புல வைக்கிற ஹாட் ஸ்டோன்? கதகதப்பா இருந்துச்சு, அவ்வளவுதான்.

டீப் டிஷ்யூ ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களான்னு கேட்டாங்க. அதைக் கேட்காத இடத்துல படுக்காதீங்க.