வி.ஆர்.எம்-க்கு தண்ணி விட்டு மூணு வருஷம் ஓட்டினேன், இப்போ கழட்டி வச்சுட்டேன்

மதர்போர்டுல சிபியுவை ஒட்டி இருந்து அதுக்குக் கரண்ட் கொடுக்கற வி.ஆர்.எம்-க்கு வாட்டர் கூலிங் போடலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருக்கறவங்களுக்காக இதை எழுதறேன். நான் போட்டேன், மூணு வருஷம் ஓட்டினேன், ஆறு மாசம் முன்னாடி கழட்டிட்டேன். கழட்டினதுல வருத்தம் ஒண்ணும் இல்ல. போட்டதையும் முழு முட்டாள்தனம்னு சொல்ல மாட்டேன், ஏன்னா போட்டுக் கழட்டின அப்புறம்தான் அந்த இடத்துல சூடு ஏன் தங்குதுன்னே எனக்கு ஒழுங்கா புரிஞ்சுது.

செட்டப் இதுதான். சிபியு இன்டெல் ஐ9 9900கே, எட்டு கோரும் ஓவர்கிளாக் பண்ணி (கம்பெனி வச்ச வேகத்தை விடக் கூட்டி) 5 கிகாஹெர்ட்ஸ், லோடுல 1.3 வோல்ட் பக்கம். போர்டு ஒரு நடுத்தர ரக இசட்390, பேர் வேணாம். வெளிய இருந்து பாத்தா பெரிய போர்டு மாதிரியே இருக்கும், கேபிள் சொருகற ஐ/ஓ பக்கத்து மேல பிளாஸ்டிக் கவர், அதுக்குள்ள லைட் எல்லாம் எரியும். கவரைக் கழட்டினா உள்ள ஹீட்சிங்க்னு ஒரு அலுமினியக் கட்டி, காத்து நுழைய ஒரு ஃபின் (மெல்லிசான தகடு) கூட கிடையாது. நான் பண்றது பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல ரெண்டர், ஒரு தடவை விட்டா நாலு மணி நேரம் சிபியு நூறு சதவீதத்துலயே நிக்கும். கேம் மட்டும் ஆடறவங்களுக்கு இந்தப் பிரச்சனை கண்ணுலயே படாது, ஏன்னா கேம்ல சிபியு இவ்ளோ பவர் இழுக்கறதே அபூர்வம்.

மொதல்ல தெரிஞ்சது என்னன்னா, ரெண்டர் விட்டு இருபது நிமிஷம் வரைக்கும் ஃபிரேமுக்கு ஒரே நேரம் எடுக்கும், அதுக்கப்புறம் திடீர்னு இழுக்க ஆரம்பிக்கும். சிபியு டெம்பரேச்சர் பாத்தா 82, அது ஒண்ணும் பயப்படற நம்பர் இல்ல. சென்சார் எல்லாம் காட்டற எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேர்ல கீழ இறக்கிப் பாத்தா மாஸ் டெம்பரேச்சர்னு ஒரு வரி, அதாவது வி.ஆர்.எம் சூடு, அதுல 104. கிளாக், அதாவது சிபியு வேகம், 5லேர்ந்து 4.1க்கு விழும், கொஞ்சம் ஆறினதும் ஏறும், மறுபடி விழும், கிராஃப் ரம்பப்பல் மாதிரி இருந்துது. வேகம் ஏன் குறைஞ்சுதுன்னு சொல்ற லிமிட் ரீசன் பகுதியில வி.ஆர் தெர்மல் அலர்ட்டுக்கு நேரா 'யெஸ்'னு வந்து நிக்குது. சிபியு தப்பே பண்ணல, அதுக்குச் சோறு போடறவன்தான் காய்ச்சல்ல கிடந்திருக்கான்.

வி.ஆர்.எம் என்ன பண்ணுதுன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பவர் சப்ளைலேர்ந்து வர்றது 12 வோல்ட், சிபியுக்கு வேண்டியது 1.3 வோல்ட் மாதிரி. நடுவுல மாஸ்ஃபெட்டுங்கற சுவிட்ச் சிப்புங்க செகண்டுக்கு லட்சக்கணக்கான தடவை ஆன் ஆஃப் ஆகி, சோக்குங்கற காயிலும் கெப்பாசிட்டரும் அதைச் சமப்படுத்தி, அந்தக் கம்மி வோல்ட்டைக் கொடுக்குதுங்க. 200 வாட்டை 1.3 வோல்ட்டுல கொடுக்கணும்னா 150 ஆம்பியருக்கு மேல போகணும். எஃபிஷியன்சி 90 சதவீதம்னு வச்சுக்கிட்டாலே 20 வாட்டுக்கு மேல அங்கேயே சூடா நிக்கும். 20 வாட்டுங்கறது பெருசு இல்லதான், ஆனா அது வர்றது சுண்டு விரல் நகத்தை விடச் சின்னதா இருக்கற நாலஞ்சு சிப்புலேர்ந்து, அங்கதான் சிக்கல்.

இதுல வேடிக்கை என்னன்னா பிரச்சனையைக் கொண்டு வந்ததே நான்தான். அதுக்கு முன்னாடி போர்டைப் பாத்துக் கீழ ஊதற ஏர் கூலர் வச்சிருந்தேன், ஓவர்கிளாக் பண்ணாம. அந்தக் காத்து சிபியு ஹீட்சிங்கைத் தாண்டி சாக்கெட்டைச் சுத்தி எல்லாத்து மேலயும் விழும், வி.ஆர்.எம்-க்கு ஓசியிலயே கூலிங். அதைத் தூக்கிட்டு 280 எம்.எம் ஏ.ஐ.ஓ (பம்பும் ரேடியேட்டரும் சேந்தே வர்ற ரெடிமேட் வாட்டர் கூலர்) போட்டேன், சிபியு குளுந்துது, சாக்கெட் பக்கம் ஒரு பொட்டு காத்து இல்லாம போச்சு. ஆர்க்டிக் லிக்விட் ஃபிரீசர் 2ங்கற ஏ.ஐ.ஓ-ல பம்ப் மேல 40 எம்.எம்ல ஒரு குட்டி ஃபேன் வச்சு அனுப்பினாங்களே, அது இதுக்குத்தான். மொதல் தடவை அதைப் பாத்தப்போ விளையாட்டுச் சாமான்னு சிரிச்சேன், இப்போ சிரிக்கறதில்ல.

சரி, நான் என்ன பண்ணேன், நேரா ஒரு மோனோபிளாக் வாங்கினேன். சிபியுவையும் வி.ஆர்.எம்-ஐயும் சேத்து மூடற, உள்ள தண்ணி ஓடற ஒரே பிளாக், நிக்கல் பூசின காப்பர், அந்த ஒரே போர்டு மாடலுக்குன்னு அளவெடுத்துச் செஞ்சது. கூடவே டி5 பம்ப், 360 ரேடியேட்டர், சாஃப்ட் டியூப். போர்டை வெளிய எடுத்து, பின்னாடி ஸ்க்ரூ எல்லாம் கழட்டி, ஒட்டிப் பிடிச்சிருந்த பழைய ஹீட்சிங்கை ஹேர் டிரையர்ல சூடு காட்டி மெதுவா அசைச்சு அசைச்சு எடுத்து, ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போச்சு.

எல்லாம் மாட்டி, தண்ணி ரொப்பி, லீக் டெஸ்ட் முடிச்சு, ரெண்டர் விட்டா வி.ஆர்.எம் 96! அவ்ளோ செலவு பண்ணி, அவ்ளோ முதுகு வலிச்சு எட்டு டிகிரி. ரெண்டு நாள் பம்ப் ஓடலையோ, காத்து குமிழி அடைச்சிருக்கோன்னு எதெதையோ சந்தேகப்பட்டேன். கடைசில தண்ணியை இறக்கிட்டு பிளாக்கைத் தூக்கிப் பாத்தா விஷயம் தெரிஞ்சுது. சிப்புக்கும் பிளாக்குக்கும் நடுவுல சூடு கடத்த வைக்கற தெர்மல் பேட் மேல மாஸ்ஃபெட் அழுத்தின தடம் சதுரம் சதுரமா பதிஞ்சிருக்கணும், எனக்கு மூணே மூணு தடம், மீதி இடம் புதுசு மாதிரி வழவழன்னு இருக்கு. சோக் உயரம், மாஸ்ஃபெட் குட்டை, அதனால ரெண்டுக்கும் வேற வேற தடிமன்ல பேட் கொடுத்திருந்தாங்க, நான் மாத்தி வச்சுட்டேன். மெல்லிசான 0.5 எம்.எம் பேட் மாஸ்ஃபெட் மேல போயிடுச்சு, அது பிளாக்கை எட்டவே இல்ல. மாத்தி 1 எம்.எம் வச்சேன், அதே ரெண்டர், 57ல நின்னுது. யார் வி.ஆர்.எம் பிளாக் போட்டாலும் தண்ணி ரொப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை சும்மா மாட்டி இறுக்கி, கழட்டி, பேட்ல தடம் பதிஞ்சிருக்கான்னு பாத்துடுங்க. அஞ்சு நிமிஷ வேலை, எனக்கு ரெண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

57ங்கற நம்பரைப் பாத்தப்போ வந்த சந்தோஷம் ஒரு வாரம் இருந்துது. கிளாக் 5லேர்ந்து அசையல, ரம்பப்பல் போயி கோடு நேரா வந்துடுச்சு. அடுத்து என்ன, 5.1 போலாம்னு பாத்தேன். போகல. வோல்ட் ஏத்தினா சிபியு கோர் சூடு எகிறுது, 90 தாண்டுது. அதாவது வி.ஆர்.எம் 57ல இருந்தாலும் 80ல இருந்தாலும் ஓவர்கிளாக்குக்கு ஒண்ணும் கிடையாது, த்ராட்டில் ஆகற (சூட்டுல வேகம் குறையற) எல்லைக்குக் கீழ இருந்தா போதும், அதுக்கு மேல நீங்க குளுத்தறது எல்லாம் உங்க மனசுக்குத்தான். தண்ணி டெம்பரேச்சர் இதனால ஏறுமேன்னு சில பேர் பயப்படுவாங்க, அது தேவையில்லாத பயம். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் ஓடினாலே 20 வாட் அந்தத் தண்ணியை பிளாக்குக்குள்ள நுழைஞ்சு வெளிய வர்றதுக்குள்ள 0.3 டிகிரிதான் ஏத்தும்.

சுவத்துல பிளக் மீட்டர் போட்டும் பாத்தேன். முன்னாடி 104ல இருந்தப்போ இழுத்ததை விட இப்போ 8 வாட் கம்மி, அதே கிளாக்ல நிக்கற நேரத்தை மட்டும் எடுத்துப் பாத்தா. இது நிஜம், மாஸ்ஃபெட் சூடாக ஆக அதோட ரெசிஸ்டன்ஸ் ஏறும், ஏறினா இன்னும் சூடு, குளுந்தா ரெண்டும் இறங்கும். ஆனா இந்த 8 வாட்டை மிச்சம் பிடிக்க ஒரு பம்பும் மூணு ஃபேனும் ஓடுதுங்கறதையும் கணக்குல சேத்துக்கணும். சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்.

பதினாலாவது மாசம் ஃப்ளோ கம்மியாச்சு, சிபியு டெம்பரேச்சர் மெல்ல மெல்ல ஏறிட்டே வந்துது. திறந்து பாத்தா சிபியு மேல இருக்கற நுண்ணிய ஃபின் நடுவுல வெள்ளையா கொழகொழன்னு ஏதோ படிஞ்சிருக்கு. சாஃப்ட் டியூப்லேர்ந்து, அது வளையறதுக்காகச் சேக்கற பிளாஸ்டிசைசர் கசிஞ்சு வந்து அங்க உக்காந்திருக்கு. தனி சிபியு பிளாக்கா இருந்தா நாலு ஸ்க்ரூ, பல் விளக்கற பிரஷ், அரை மணி நேரத்துல முடிஞ்சிடும். மோனோபிளாக்ல அப்படி இல்ல, சிபியு பக்கத்தைச் சுத்தம் பண்ணணும்னா வி.ஆர்.எம் பக்கமும் சேந்து தூக்கணும், போர்டு வெளிய வரணும், தூக்கினதும் பேட் எல்லாம் கிழியும், புது பேட் வெட்டி ஒட்டணும், மறுபடி தடம் பாக்கணும். மூணு வருஷத்துல இதை ரெண்டு தடவை பண்ணேன். மூணாவது தடவை வந்தப்போதான் போதும்டா சாமின்னு ஆச்சு.

சரி கழட்டறோம், கழட்டும்போதே ஒழுங்கா அளந்துடுவோம்னு முடிவு பண்ணேன். சிபியுக்கு ஒரு தனி பிளாக், வி.ஆர்.எம்-க்கு பழைய அலுமினியக் கட்டியே. அதே பயாஸ் செட்டிங், அதே சீன், ரூம் 30 டிகிரி, ஒவ்வொரு தடவையும் நாப்பது நிமிஷம். பழைய பேடோட அப்படியே மாட்டினா 105, மறுபடி த்ராட்டில். பேடை மட்டும் நல்லதா மாத்தினேன், 97. அப்புறம் 60 எம்.எம் ஃபேன் ஒண்ணை ரெண்டு ஜிப் டை போட்டு ஹீட்சிங்க் மேல சாய்வா கட்டி 1500 ஆர்.பி.எம்ல விட்டேன், 72. எனக்கே கொஞ்ச நேரம் நம்ப முடியல, சென்சார் ஏதோ கோளாறுன்னு நினைச்சு ஃபேனைப் பிடுங்கினேன், எட்டு நிமிஷத்துல 90ஐ தாண்டுச்சு, திருப்பி மாட்டினேன், இறங்கிடுச்சு. ரெண்டர் நேரம் மோனோபிளாக்ல எடுத்ததுக்கும் இதுக்கும் நாலு மணி நேர வேலையில ஒரு நிமிஷம் கூட வித்தியாசம் இல்ல. இன்னொரு விஷயம், தனி பிளாக் போட்டதுல சிபியு 4 டிகிரி கம்மியா ஓடுது. மோனோபிளாக் அத்தனை இடத்துலயும் ஒரே நேரத்துல அழுத்தி உக்காரணும், சிபியு மேல மட்டும் உக்காற பிளாக் அளவுக்கு அது படியாதுன்னு நினைக்கிறேன்.

போர்டோட ஆயுசு கூடும்ல, அதுக்காகவாவது போடலாமேன்னு கேப்பீங்க. நானும் அப்படிச் சொல்லித்தான் என்னையே சமாதானப்படுத்தி வாங்கினேன். இப்போ வர்ற போர்டுல இருக்கற சாலிட் கெப்பாசிட்டர் பொதுவா 105 டிகிரியில 5,000 மணி நேரம்னு ரேட் பண்ணியிருப்பாங்க. 20 டிகிரி குறைஞ்சா ஆயுசு பத்து மடங்குன்னு ஒரு தோராயக் கணக்கு, அப்படிப் பாத்தா 85ல 50,000 மணி நேரம். தினமும் நாலு மணி நேரம் ரெண்டர் விட்டாலும் அது 34 வருஷம். அதுவரைக்கும் இந்தப் போர்டை யார் வச்சிருக்கப் போறா? மாஸ்ஃபெட்டைப் பத்தி கேக்கவே வேணாம், நிறைய மாடல் உள்ள 150 டிகிரி வரைக்கும் தாங்கும்னு டேட்டாஷீட்லயே இருக்கு. சென்சார் காட்டறது பெரும்பாலும் பக்கத்துல போர்டு மேல இருக்கற சூடு, சிப்புக்குள்ள அதை விடக் கூடத்தான் இருக்கும், அதையும் சேத்துப் பாத்தாலும் 72ங்கறது நிம்மதியா தூங்கற இடம்.

அப்போ யாருக்குமே வேணாமான்னா அப்படியும் இல்ல. 2017ல எக்ஸ்299 போர்டு வந்த புதுசுல பத்து கோர் இன்டெல் 7900எக்ஸை ஓவர்கிளாக் பண்ணவங்க வி.ஆர்.எம் சூட்டுல தவிச்சாங்க, டெர்8அவர்ங்கற ஜெர்மன் ஓவர்கிளாக்கர் அதைப் பத்தி வீடியோவே போட்டு அது பெரிய பேச்சாச்சு. ஹீட்சிங்க் அழகுக்கு வச்ச மாதிரி இருந்ததுதான் அதுல முக்கியமான குத்தம். அந்த மாதிரி 300 வாட்டுக்கு மேல மணிக்கணக்குல இழுக்கற ஆளா இருந்தா தண்ணிக்கு அர்த்தம் உண்டு. கேஸ்ல ஃபேன் சத்தமே கேக்கக் கூடாது, ரேடியேட்டரை வெளிய வச்சிருக்கேன்னு சொல்றவங்களுக்கும் சரி, உள்ள காத்தே அசையலைன்னா வேற வழி இல்ல. அப்புறம் அசுஸ் மேக்சிமஸ் ஃபார்முலா மாதிரி சில போர்டுல வி.ஆர்.எம் ஹீட்சிங்க்குள்ளயே தண்ணி போற வழி விட்டு, ஃபிட்டிங் மாட்ட ஓட்டை போட்டே வந்துது, ஏற்கனவே லூப் (தண்ணி சுத்தற செட்டப்) வச்சிருந்தா ரெண்டு ஃபிட்டிங்ல வேலை முடிஞ்சிடும், அதைத் தாராளமா பண்ணலாம். பழைய வி.ஆர்.எம் பிளாக் எதையாவது செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்க அது அலுமினியமான்னு மட்டும் பாத்துக்கோங்க, காப்பர் ரேடியேட்டரோட ஒரே லூப்ல விட்டா அலுமினியம் அரிச்சுப் போயிடும். புது போர்டு வச்சிருக்கறவங்க இவ்ளோ யோசிக்கவே வேணாம், கொஞ்சம் நல்ல ரகம்னாலே 90 ஆம்பியர் பவர் ஸ்டேஜ் (மாஸ்ஃபெட்டுங்களை ஒண்ணா அடக்கின சிப்) பதினாறு வச்சு, ஃபின் உள்ள ஹீட்சிங்கும் போட்டு வருது.

இப்போ என்கிட்ட ஓடறது அந்த 60 எம்.எம் ஃபேன்தான், ஜிப் டைக்கு பதிலா ஒரு எல் பட்டை வளைச்சு கேஸ் ஸ்க்ரூல மாட்டிட்டேன். ஒரு சின்ன வேலை மட்டும் மறக்காம பண்ணுங்க, பயாஸ்ல அந்த ஃபேன் எந்த டெம்பரேச்சரைப் பாத்து ஓடணும்னு கேக்கற இடத்துல சிபியுவை எடுத்துட்டு மாஸ் சென்சாரை வைங்க. சிபியு சூடு ஒவ்வொரு கிளிக்குக்கும் குதிக்கும், ஃபேனும் கூடவே கத்தும், வி.ஆர்.எம் நிதானமா ஏறி நிதானமா இறங்கற ஆளு. என்னுது 60 வரைக்கும் நிக்குது, ரெண்டர் விட்டு ஆறேழு நிமிஷம் கழிச்சுத்தான் சுத்தவே ஆரம்பிக்குது.

மோனோபிளாக்கைக் கழுவித் துடைச்சு அது வந்த பெட்டியிலயே போட்டு வச்சிருக்கேன். அதே போர்டு, அதே மாடல் வச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான் அது சேரும், ஆறு மாசமா ஒரு ஆளும் கேக்கல.