வெந்நீருக்கு செம்பு பாய்லரா, சோலாரா?

கோத்தகிரியில் வெந்நீர் இல்லாமல் மார்கழியைக் கடத்த முடியாது. எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கிறது: மாடியில் கண்ணாடிக் குழாய் சோலார், பின்கட்டில் விறகு எரிக்கும் செம்பு பாய்லர். சோலாரை மூன்று வருஷம் நம்பியிருந்துவிட்டுத்தான் பாய்லருக்கு வந்தேன். அதனால் என் தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

பாய்லரில் புகை உண்டு; ஆஸ்துமா உள்ள வீட்டுக்கு பாய்லரைச் சொல்லவே மாட்டேன்.

இந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பலம். ஐப்பசியில் நாலு நாள் மூட்டம் போட்டால் சோலார் குழாயில் வருவது பச்சைத் தண்ணீர். உறைபனி விஷயம் வேறு. தகடு வகை சோலாரில் தண்ணீர் உறைந்தால் உள்ளே செம்புக் குழாய் வெடித்துவிடும் என்பார்கள் ஊட்டிக்காரர்கள். எங்கள் சரிவில் அவ்வளவு பனி இல்லை, எனக்கு அது கேள்வி ஞானம்தான்.

என்னை மாற்றியது ரிப்பேர். குரங்கு குதித்து ஒரே ஒரு குழாய் உடைந்தது. தொட்டித் தண்ணீர் மொத்தமும் கூரையில் ஓடிவிட்டது. புதுக் குழாய் கோவையிலிருந்து வரவேண்டும். "நாளைக்கு வந்துடறோம் சார்" என்றே பதினொரு நாள் போனது.

பாய்லரை நானே கெடுத்தேன். தூக்கக் கலக்கத்தில் தண்ணீர் ஊற்றாமல் பற்றவைத்ததில் மூட்டில் இருந்த ஈயம் உருகிவிட்டது. மேட்டுப்பாளையத்துப் பாத்திரக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தண்ணி ஊத்தாம பத்த வெச்சீங்களா தம்பி?" ஒரு மூட்டுக்கு அவர் ஈயம் வைத்தார், இன்னொன்றை என்னிடம் விட்டார். "செம்பு பளிச்சுனு தெரியற வரைக்கும் தேய்ங்க. அழுக்கு இருந்தா ஈயம் ஒட்டாது." நவச்சார உப்பைத் தடவி, சூடாக்கிய இரும்பை வைத்ததும் ஈயம் தண்ணீர் மாதிரி ஓடி இடுக்கில் இறங்கியது. அதற்கப்புறம் குழாய் வாஷரோ ஒழுகலோ, எதற்கும் ஆளைக் கூப்பிட்டதில்லை.

விறகும் பழகினால் வரும். பக்கத்துத் தோட்டத்தில் கவாத்து வெட்டும்போது தேயிலை மிலாறு, அதாவது வெட்டிய குச்சி, கிடைக்கும். கற்பூர மரத்தை (யூகலிப்டஸ்) பச்சையிலேயே பிளந்துவிட வேண்டும். காய்ந்தால் கோடாலி திரும்பி வரும். சாம்பல் பூண்டுப் பாத்திக்கு. நம் மலை மண்ணின் புளிப்புக்கு அது நல்லது.

சோலாரைக் கழற்றவில்லை. மந்தமான நாளில் அதில் வரும் வெதுவெதுப்பான தண்ணீரை பாய்லரில் ஊற்றுகிறேன். ரெண்டு மிலாறு போதும்.