உட்கார்ந்த இடத்துக்கே மிக்கி வருவார்: டிஸ்னிலேண்ட் கேரக்டர் சாப்பாடு, எங்கள் அனுபவம்

பாண்டிச்சேரி குருசுக்குப்பத்தில் எங்கள் தெருவில் பிரான்சில் ஆள் இல்லாத வீடு குறைவு. அக்காவின் மாமனார் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர். அந்த வழியில் அக்கா குடும்பம் பாரிஸுக்கு வடக்கே சார்செல்லில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு லீவு விட்டு, கையில் கொஞ்சம் காசும் சேர்ந்தால் நாங்கள் அங்கே போய்விடுவோம். போனால் டிஸ்னிலேண்டும் உண்டு. என் மகள் சின்னப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்து அங்கே நடக்கும் கேரக்டர் சாப்பாட்டுக்கு டேபிள் பிடிப்பது என் வேலை. இப்போது உறவிலும் தெருவிலும் யார் கிளம்பினாலும் "எதை புக் பண்ணலாம்?" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். பூங்காவுக்குள்ளும் அதன் ஓட்டல்களிலும் சில உணவகங்களில் மிக்கி, மின்னி, டொனால்ட், இளவரசிகள் என்று யாராவது மேசை மேசையாக வருவார்கள். கை கொடுப்பார்கள், போட்டோவுக்கு நிற்பார்கள், நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள். அதற்கும் சேர்த்துத்தான் காசு. ஒரு பெரியவருக்கான கட்டணத்தில் இங்கே நேரு வீதியில் குடும்பமே பல வேளை நன்றாகச் சாப்பிடலாம். "அந்தக் காசுக்கு அப்படி என்ன சாப்பாடு?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. சாப்பாடு சுமார் முதல் நல்லது வரை, அவ்வளவுதான்.

அப்படியிருந்தும் நான் திரும்பத் திரும்ப புக் செய்வதற்குக் காரணம் என் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். மிக்கியைப் பார்க்கப் பூங்காவில் தனி இடம் இருக்கிறது, ஆனால் அங்கே வரிசையில் நிற்க வேண்டும். கூட்ட நாளில் அந்த வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டும். அம்மாவால் அது முடியாது. இடுப்பில் இரண்டு வயதுப் பையனை வைத்துக்கொண்டு என்னாலும் முடியாது. சாப்பாட்டு மேசையில் இருவரும் நாற்காலியில் இருப்பார்கள், வருகிறவர்கள் அவர்களைத் தேடி வருவார்கள். நிற்க முடியாத பெரியவரோ, நிற்கத் தெரியாத குழந்தையோ உங்களோடு வந்தால் இந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள். கல்லூரிப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்தக் காசை வேறு எதிலாவது போடலாம்.

பாரிஸ் பூங்காவுக்குள் நாங்கள் போனவை இரண்டு. ஒன்று மெயின் ஸ்ட்ரீட் முடியும் இடத்தில் இருக்கும் பிளாசா கார்டன்ஸ். அது பஃபே, மிக்கி கூட்டாளிகள் வருவார்கள். இன்னொன்று கோட்டைக்குப் பின்னால் ஃபேன்டசிலேண்டில் உள்ள ஒபேர்ழ் த சாந்திரியோன். அங்கே மேசையில் பரிமாறுவார்கள், நாங்கள் போனபோது இளவரசிகள் வந்தார்கள். யார் வருவார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறும். புக் செய்கிற அன்று டிஸ்னியின் ஆப்பில் என்ன போட்டிருக்கிறதோ அதை மட்டும் நம்புங்கள். போன வருஷம் போனவர் சொன்னதை வைத்துக் குழந்தைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். இரண்டுமே பூங்காவுக்குள் இருப்பதால் நுழைவுச் சீட்டு தனியாக எடுக்க வேண்டும். சாப்பாட்டுக் கட்டணத்தில் அது அடங்காது.

உணவகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், குழந்தை வீட்டில் எந்தப் பொம்மையோடு தூங்குகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். என் மகளுக்கு ஐந்து வயதில் இளவரசி பைத்தியம். பெரியம்மா வாங்கி வைத்திருந்த நீல கவுனைப் போடாமல் பட்டுப்பாவாடைதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். சரி, அதையே போட்டு அழைத்துப் போனோம். மேசைக்கு வந்த இளவரசி பாவாடைக் கரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலால் வட்டம் போட்டுச் சுற்றிக் காட்டச் சொன்னாள். இவள் சுற்ற, அவளும் தன் கவுனைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றினாள். இளவரசிகள் பேசுவார்கள், பிரெஞ்சும் ஆங்கிலமும் வரும். முகமூடி போட்ட மிக்கி வகையறா பேச மாட்டார்கள், எல்லாம் சைகைதான். மொழி தெரியாத பெரியவர்களுக்கு இவர்களே சுலபம். மின்னி மேசைக்கு வந்ததும் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியாம்மா?" என்றார். மின்னி வயிற்றைத் தடவிக் காட்டி, அம்மாவின் தட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அம்மா உடனே ஒரு ரொட்டித் துண்டை எடுத்து நீட்டிவிட்டார். பக்கத்து மேசைப் பிரெஞ்சுக்காரர்கள் கைதட்டினார்கள்.

நம் ஊரிலிருந்து போகிறவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது நேரம். கோடையில் பாரிஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. போய் இறங்கிய முதல் சில நாட்கள் குழந்தையின் வயிறு பாண்டி நேரத்தில்தான் வேலை செய்யும். பாரிஸில் மாலை ஏழு மணி டேபிள் என்றால் அதற்கு இரவு பத்தரை. மிக்கி வரும்போது பையன் தட்டிலேயே சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பான். எழுப்பினால் அழுகை. ஆகவே இரவுச் சாப்பாடு வேண்டவே வேண்டாம். மதியம் கிடைக்கிற முதல் நேரத்தைப் பிடியுங்கள். பன்னிரண்டு மணி என்றால் குழந்தைக்கு மாலை மூன்றரை. தூங்கி எழுந்து விளையாட்டுக்குத் தயாராக இருக்கும் நேரம். ஆனால் அதற்கு முன்னால், அங்கே காலை ஒன்பது மணிவாக்கில், ஒரு வேளை வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் அதுதான் அதற்கு மதியச் சாப்பாட்டு நேரம். அக்கா இட்லி கட்டிக் கொடுப்பாள், ரயிலிலேயே ஊட்டிவிடுவேன். பசியோடு இருக்கும் குழந்தை எந்தக் கேரக்டரையும் நிமிர்ந்து பார்க்காது. போய் நாலைந்து நாள் கழித்துத்தான் டிஸ்னி என்றால் இந்தக் கணக்கை அவ்வளவாகப் பார்க்க வேண்டாம்.

முதல் நேரத்தில் இன்னொரு லாபமும் உண்டு. உணவகம் அப்போதுதான் திறந்திருக்கும், கூட்டம் முழுதாக வந்திருக்காது. கேரக்டர்கள் ஒவ்வொரு மேசையிலும் சற்று நின்று நிதானமாகப் பழகுவார்கள்.

அப்புறம் கிழமை. பாண்டிப் பிள்ளைகளுக்கு மே மாதம் லீவு, பிரான்சில் அப்போது பள்ளி நடக்கும். அங்கே பெரிய லீவு ஜூலை, ஆகஸ்டில்தான். அந்த இரண்டு மாதத்தோடு ஒப்பிட்டால் மே மாத வார நாட்களில் டேபிள் சுலபமாகக் கிடைக்கும். அதிலும் புதன்கிழமை வேண்டாம்; அன்று அங்கே பல பிள்ளைகளுக்குப் பள்ளி கிடையாது அல்லது அரை நாள்தான். மே 1, மே 8 இரண்டும் அரசு விடுமுறை. இயேசு விண்ணேற்றத் திருநாள் எப்போதும் வியாழக்கிழமைதான் வரும், அதோடு வெள்ளியையும் சேர்த்து நாலு நாள் லீவாக்கிவிடுவார்கள். அந்த வாரத்தை அப்படியே விட்டுவிடுங்கள். எங்களுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது: அம்மா செவ்வாய், வெள்ளி கவுச்சி தொட மாட்டார். எல்லாம் போக மிச்சம் திங்களும் வியாழனும். பெரும்பாலும் வியாழன்தான் அமைந்தது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை சைவக்காரர்களுக்கும் விரத நாளில் போகிறவர்களுக்கும் பஃபேதான் நல்லது. கண்ணால் பார்த்து எடுக்கலாம், வேண்டாததை விடலாம். ரொட்டி, தயிர், பழம், வேகவைத்த காய்கறி, உருளைக்கிழங்கு என்று அம்மா ஒப்பேற்றிவிடுவார். மேசையில் பரிமாறும் இடத்தில் முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் இனிப்பு என்று வரிசையாக வரும். சைவத்துக்கு அதில் வழி உண்டு, ஆனால் புக் செய்யும்போதே எழுதிவிட்டு, உட்கார்ந்ததும் பரிமாறுகிறவரிடம் மறுபடியும் சொல்ல வேண்டும். இறைச்சி மட்டும் வேண்டாம் என்றால் போதாது. மீன், கோழி, முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். சூப்பில் எலும்புச் சாறு இருக்கலாம். இனிப்பில் ஜெலட்டின் இருக்கலாம். மேலே தூவும் பர்மேசான் சீஸ் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் என்ற உறைபொருளால் செய்வது. இதெல்லாம் பார்க்கிற வீடாக இருந்தால் ஒவ்வொன்றையும் கேளுங்கள். யாரும் முகம் சுளித்ததில்லை.

ஒவ்வாமை இருக்கிறவர்களுக்கு அந்த ஊரில் பெரிய நிம்மதி. பால், முட்டை, வேர்க்கடலை, எள், கடுகு உட்பட 14 பொருட்களில் எது எந்த உணவில் இருக்கிறது என்று சொல்லியே ஆக வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். என் அக்கா மகனுக்கு வேர்க்கடலை ஆகாது. அந்தப் பட்டியலை ஒருமுறை கேட்டு வாங்கிப் படித்துவிட்டால் அப்புறம் அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருக்காமல் நிம்மதியாகச் சாப்பிடுவாள்.

பஃபேயில் ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டோடு எழுந்து போகக் கூடாது. கேரக்டர்கள் ஒரு வரிசையில்தான் வருவார்கள். உங்கள் மேசை காலியாக இருந்தால் அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். குழந்தையும் ஒரு பெரியவரும் எப்போதும் மேசையில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் மாமாதான் எல்லோருக்கும் தட்டு நிரப்பிக் கொண்டுவருவார். போட்டோவுக்கும் ஒரே ஆள். நாலு பேர் நாலு போனை நீட்டினால் குழந்தை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முழிக்கும். கையெழுத்து நோட்டு கொண்டுபோனால் தடிமனான பேனாவாகக் கொண்டுபோங்கள். மிக்கியின் கையுறைக்குள் மெல்லிய பால்பாயின்ட் நிற்காது.

பயம் என்று ஒன்று இருக்கிறது, அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். டிவியில் உள்ளங்கை அளவு பார்த்த மிக்கி, நேரில் பெரிய தலையோடு வந்து நின்றால் இரண்டு வயதுக் குழந்தை அலறத்தான் செய்யும். இப்போது நம் ஊர் பிறந்தநாள் விழாக்களில் சோட்டா பீம், டோரா வேஷம் போட்டு ஆள் வருகிறார்களே, அங்கே குழந்தையை அழைத்துப் போய்ப் பாருங்கள். லாஸ்பேட்டையில் அப்படி ஒரு விழாவில் என் மகன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அதைப் பார்த்திருந்ததால் பாரிஸில் அவனைச் சுவர் ஓரமாக, அம்மா மடியில் உட்கார வைத்தேன். கூஃபி வரும்போது நான் உள்ளங்கையைக் காட்டி "மெதுவாக" என்று சைகை செய்தேன். அவர் அங்கேயே நின்றுவிட்டார். தரையில் மண்டியிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டினார். பையன் ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் அந்தக் கையுறையின் நுனியை ஒரு விரலால் தொட்டுவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அடுத்து டொனால்ட் வந்தபோது தானாகவே கை நீட்டினான். அந்த வேஷத்துக்குள் இருப்பவர்கள் தங்கள் தொழிலை அவ்வளவு நன்றாகத் தெரிந்தவர்கள். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

பேக்கேஜில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு ஒரு டிராவல்ஸ்காரர் "மிக்கி லஞ்ச் சேர்ந்தது" என்று சொல்லித்தான் காசு வாங்கினார். அங்கே போய்ப் பார்த்தால் சாதாரண உணவகத்துக்கான கூப்பன்தான். இரண்டு பிள்ளைகளும் வாசலையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்களாம். கேட்கவே மனசு பொறுக்கவில்லை. உணவகத்தின் பெயர், தேதி, நேரம், எத்தனை பேர் என்று எல்லாம் போட்ட உறுதிச் சீட்டு கைக்கு வராமல் மிச்சப் பணத்தைக் கட்டாதீர்கள்.

மற்ற ஊர் டிஸ்னி பூங்காக்களுக்கும் இதே வயிற்றுக் கணக்குதான், எண் மட்டும் மாறும். ஹாங்காங் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை எட்டு மணி டேபிள் என்றால் குழந்தைக்கு விடியற்காலை ஐந்தரை. மாலைச் சாப்பாடே மேல். டிஸ்னிலேண்ட் ஓட்டலில் இருக்கும் என்சான்டட் கார்டனில் சாப்பிடப் பூங்கா டிக்கெட் தேவையில்லை. அமெரிக்காவில் ஃப்ளோரிடா என்றால் தலைகீழ்: கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்னால், பிள்ளைகள் எப்படியும் நடு இரவில் எழுந்துவிடும், காலைச் சாப்பாடுதான் சரி. அங்கே 60 நாள் முன்னதாக புக்கிங் திறக்கும். சொல்லாமல் வராமல் விட்டால் ஆளுக்கு 10 டாலர் பிடித்துக்கொள்வார்கள். பாரிஸிலும் ஹாங்காங்கிலும் 3 முதல் 11 வயதுவரை குழந்தைக் கட்டணம், ஃப்ளோரிடாவில் 9 வயதோடு முடிந்துவிடும்.

காசு விஷயத்தில் பாரிஸில் இரண்டு நிம்மதி. பில்லிலேயே சர்வீஸ் அடங்கியிருப்பதால் டிப்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. குழாய்த் தண்ணீர் ஒரு குடுவையில் கேட்டால் இலவசமாகவே கொடுக்க வேண்டும். பாட்டில் தண்ணீருக்கு வீணாகக் கொடுக்காதீர்கள்.

அங்கே போய்ச் சேர்வதற்கும் நேரம் விடுங்கள். சார்செல்லிலிருந்து ஆர்இஆர் டி என்ற புறநகர் ரயிலில் ஷாத்லே வந்து ஆர்இஆர் ஏ மாறினால் கடைசி ஸ்டேஷன் பூங்கா வாசலிலேயே இருக்கிறது. ஆனால் பை சோதனை, டிக்கெட், முழங்கால் வலியோடு நடை என்று அதற்கே தனியாக நேரம் பிடிக்கும். அம்மாவோடு போகும்போது வாசலில் நுழைவதற்கும் டேபிள் நேரத்துக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரமாவது விடுகிறேன், இடையில் எந்த ரைடும் வைப்பதில்லை.

மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். இளவரசி மேசையில் உட்காரும் ஆசை போய்விட்டது, அந்த நேரத்தில் பிக் தண்டர் மவுன்டன் ரைடில் இரண்டு சுற்றுப் போகலாம் என்கிறாள். நியாயம்தான். வருகிற மே மாதத்துக்கு அம்மா, மகன், அக்காவின் மாமியார், நான் என்று நாலு பேருக்கு மட்டும் வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பிளாசா கார்டன்ஸில் கேட்கப் போகிறேன். மகளையும் அக்கா பிள்ளைகளையும் மாமா ரைடுக்குக் கூட்டிப்போவார்.