சுண்டை வேரில் ஒட்டிய கத்தரி நாற்று: பத்து மாதப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் தோட்டத்தின் கிழக்குப் பாத்தியில் மூன்று ஆண்டுகளாகத் தக்காளிக்குப் பின் கத்தரி, கத்தரிக்குப் பின் மிளகாய் என ஒரே குடும்பத்துச் செடிகளையே மாற்றி மாற்றி நட்டு வந்தோம். அதன் விளைவாக, காலையில் பச்சையாக நின்ற கத்தரிச் செடிகள் மஞ்சளாகக்கூட மாறாமல் மாலைக்குள் இலை தொங்கி, அடுத்த சில நாட்களில் ஒவ்வொன்றாகச் செத்தன. வாடிய செடி ஒன்றின் அடித்தண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் இருந்த தெளிந்த நீரில் வெட்டுவாய் படும்படி பிடித்தபோது, சில நிமிடங்களில் பால் இழை போன்ற ஒன்று தண்டிலிருந்து கீழே இறங்கியது. பாக்டீரியா வாடல் நோய்க்கு அதுதான் அடையாளம். ரால்ஸ்டோனியா எனப்படும் அந்தப் பாக்டீரியா மண்ணிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கக்கூடியது. தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றையும் அது தாக்கும்.

ஆகவே சென்ற ஆடிப்பட்டத்தில், சுண்டைக்காய்ச் செடியின் வேர்ப்பகுதியில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்றுகள் 40 வாங்கினேன். நாற்று ஒன்றின் விலை 10 ரூபாய். சுண்டையும் கத்தரியும் உறவுச் செடிகள் என்பதால்தான் ஒட்டுப் பிடிக்கிறது. ஆனால் சுண்டையின் வேருக்கு வாடலையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் தாங்கும் வலு அதிகம். இந்த உத்தி புதியதன்று. 1920களிலேயே ஜப்பானில் தர்ப்பூசணியை அதன் உறவான பூசணி, சுரை வேர்களில் ஒட்டி வாடல் நோயைச் சமாளித்திருக்கிறார்கள்.

குழித்தட்டில் வந்த நாற்றுகளில் ஒட்டு சீராகப் பொருந்தியிருந்தது. நட்டபின் இரண்டு மட்டுமே பட்டுப்போயின. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே பாத்தியில் நட்ட ஆறு சாதாரண நாற்றுகளில் நான்கு, பூக்கும் முன்பே வாடின. பிடுங்கிப் பார்த்தபோது அவற்றின் வேர்களில் மணிமணியாக முடிச்சுகள் இருந்தன. ஒட்டுச் செடிகளோ நட்டுப் பத்து மாதமாகியும் காய்க்கின்றன. காயின் சுவையிலும் எந்த மாற்றமும் தெரியவில்லை.

குறை நாற்றில் இல்லை, விற்றவர்கள் சொல்லாமல் விட்டதில்தான் இருக்கிறது. ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டாவது தந்திருக்கலாம். வழக்கம்போல் மண் அணைத்ததில் இரண்டு செடிகளில் ஒட்டு மூடிப்போயிற்று. அதற்கு மேலே கத்தரித் தண்டு தன் சொந்த வேரை விட, அவற்றில் ஒன்று வாடலுக்கு இரையானது. ஒட்டுக்குக் கீழே முள்ளும் அகன்ற இலையுமாகச் சுண்டைத் துளிர்கள் கிளம்பிக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை கிள்ளாவிட்டால் சாரமெல்லாம் அவற்றுக்கே போய்விடும்.

இதைவிட எனக்கு வருத்தம் தந்தது அவர்கள் கூறிய யோசனை. ஒட்டுக் கத்தரி இருப்பதால் தக்காளியையும் மிளகாயையும் அருகிலேயே நடலாம் என்று சொல்லி, தக்காளி நாற்றுகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சுண்டை வேர் தன் செடியைத்தான் காக்குமே தவிர மண்ணைச் சுத்தம் செய்யாது. சொந்த வேரில் நின்ற தக்காளி வாடத்தான் செய்தது. எஞ்சிய தக்காளியில் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை வந்தது. ஒட்டுக் கத்தரியிலேயே மூன்று செடிகளுக்குத் தத்துப்பூச்சி கடத்தும் சிற்றிலை நோய் கண்டதால் பிடுங்கி எரித்தேன். பூச்சி வழியே இலைக்கு வரும் நோயை எந்த வேரும் தடுக்காது.

வாடல் கண்ட மண் உள்ளவர்களுக்கு இந்த நாற்றைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். நோயில்லாத மண்ணுக்கு இந்த விலை தேவையில்லை. வரும் ஆடிக்கு 60 நாற்று சொல்லி வைத்திருக்கிறேன். தக்காளி இம்முறை இதுவரை சோளம் மட்டுமே விளைந்த மேற்குப் பாத்திக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவே மக்காச்சோளம் இரண்டு வரிசையும், நூற்புழுவைக் குறைக்கும் செண்டுமல்லி ஒரு வரிசையும் வரும்.