‘சாதனையாளர்களுக்கான’ மன ஆலோசனை: புதுச்சேரி மையம் ஒன்றில் பத்து அமர்வுகள்

வரித் தணிக்கை அறிக்கைகளுக்குக் கடைசி நாளான செப்டம்பர் 30 கழிந்த வாரத்தில், தூக்கம் வராமல் கைப்பேசியைப் புரட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ‘சாதனையாளர்களின் மனநலத்துக்கும் உறவுகளுக்கும்’ என்று அதில் எழுதியிருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக ஆடிட்டராக இருக்கும் என்னை, ‘மன ஆலோசனை’ என்று மட்டும் எழுதிய பலகை ஒருநாளும் உள்ளே இழுத்திருக்காது. ‘சாதனையாளர்’ என்ற சொல்தான் இழுத்தது. அந்தச் சொல்லின் மீது எனக்குக் குறை உண்டு. ஆயினும் அது செய்த இந்த ஒரு வேலையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குறைகளையும் சொல்லவிருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

புதுச்சேரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், கடலூரில் என்னைத் தெரியாத தெரு இல்லை என்பதே. சனிக்கிழமைதோறும் கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகக் கார் ஓட்டிச் செல்வதைக் கண்டவர்கள், கடலூர்க்காரர் ஒருவர் வாராவாரம் பாண்டிச்சேரிக்கு எதற்குப் போவார் என்று தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டனர். நான் அதைத் திருத்தவில்லை. குடிக்கப் போகிறவன் என்ற பெயர், கவுன்சிலிங் போகிறவன் என்ற பெயரைவிட எனக்கு அப்போது எளிதாக இருந்தது என்பதை இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

முதல் அமர்வில் ஒப்புதல் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். உயிருக்கு ஆபத்து, குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம், நீதிமன்ற உத்தரவு ஆகிய சூழ்நிலைகளைத் தவிர, பேசியது எதுவும் வெளியே போகாது என்பதைத் தெளிவான தமிழில் எழுதியிருந்தனர். அடுத்து, மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9 படிவம். கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்பதற்கேற்ப 0 முதல் 3 வரை குறிக்க வேண்டும், மொத்தம் 27. எனக்கு 11 வந்தது. மிதமான அளவு என்றார் உளவியலாளர். குறைவாக வாங்கினால்தான் நல்லது என்ற தேர்வை வாழ்க்கையில் முதன்முறையாக எழுதியவன், அடுத்த முறை ஐந்துக்குள் கொண்டுவருவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்றுதான் உடனே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

என் நோய் அந்தக் கேள்வியிலேயே இருந்தது என்பது மூன்றாம் அமர்வில்தான் விளங்கியது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் வகுத்த அறிவாற்றல் சிகிச்சையை ஒட்டி, நடந்த சம்பவம், அப்போது எழுந்த எண்ணம், உணர்ச்சி, அந்த எண்ணத்துக்கு ஆதரவான சான்று, எதிரான சான்று ஆகியவற்றை எழுதிவரச் சொல்லியிருந்தார். நான் எக்செல் கோப்பில் நாற்பத்தொரு பதிவுகளை வண்ணம் தீட்டி அச்செடுத்து எடுத்துச் சென்றேன். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கு நான் எத்தனை மார்க் போடணும்னு எதிர்பார்க்கறீங்க சார்?” என்று கேட்டார். பிறகு, எழுதாமல் விட்டது எதுவென்று கேட்டார். நான்கு ஆண்டுகளுக்கு முன் பண்ருட்டி வாடிக்கையாளர் ஒருவரின் கணக்கில் நான் செய்த பிழையையும், அதனால் அவர் சிறு அபராதம் கட்ட நேர்ந்ததையும் விட்டிருந்தேன். அவரோ அதை மறந்துவிட்டு ஆண்டுதோறும் பலாப்பழம் அனுப்புகிறார். அந்தப் பழத்தின் வாசனை வீட்டுக்குள் வரும்போதெல்லாம், என்னைத் திறமைசாலி என்று நம்புகிறவர்கள் ஏமாந்துகொண்டிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றும். இந்த உணர்வுக்கு ‘இம்போஸ்டர்’ (போலி) உணர்வு என்று பெயர் இருக்கிறது என்றும், பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்னும் இரு உளவியலாளர்கள் 1978இல் இதைப் பெரிய நிலையை எட்டிய பெண்களிடம் கண்டு எழுதினார்கள் என்றும் அவர் சொன்னார். பெயர் தெரிந்ததால் உணர்வு போய்விடவில்லை. ஆனால் அடுத்த பழத்தை என்னால் உட்கார்ந்து தின்ன முடிந்தது.

ஐந்தாம் அமர்விலிருந்து என் மனைவியும் வந்தார். இந்த மையத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பில் பெரும்பகுதி இதற்கே உரியது. பள்ளி ஆசிரியையான அவர், பொதுத்தேர்வு வேலை, தலைமையாசிரியரோடு ஏற்பட்ட மனத்தாங்கல் என்று எதையாவது சொல்லத் தொடங்கினால், இரண்டாவது நிமிடத்தில் நான் மூன்று தீர்வுகளை முன்வைத்துவிடுவேன், அவர் மௌனமாகிவிடுவார், தீர்வு சொன்ன பிறகும் ஏன் முகம் வாடுகிறது என்று நான் எரிச்சலடைந்து மடிக்கணினியைத் திறந்துவிடுவேன். ஒருவர் நெருங்கி வர, மற்றவர் விலகிப் போக, அந்த விலகலே முன்னவரை இன்னும் வற்புறுத்த வைக்கும் இந்தச் சுழலை உளவியலாளர் ஒரு தாளில் வட்டமாக வரைந்து காட்டினார். குற்றவாளி யார் என்ற விசாரணைக்கே அவர் இடம் கொடுக்கவில்லை. ஆடிட்டருக்கு அது கடினமான காரியம்.

பயிற்சி எளிமையானது: பத்து நிமிடம் ஒருவர் பேச, மற்றவர் கேட்டு, கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும், யோசனை கூறக்கூடாது. முதல் முயற்சியில் நான் ஒரு சொல்லும் தவறாமல் ஒப்பித்தேன். அதற்கு என் மனைவி, “எல்லாத்தையும் சரியா சொல்லிட்டீங்க. ஆனா வவுச்சர் சரிபார்க்கற மாதிரிதான் இருந்துச்சு, என்னங்க” என்றார். உளவியலாளர் அந்த வாக்கியத்தின் மேலேயே மீதி அமர்வு முழுவதையும் நடத்தினார். அது நல்ல முடிவு. திட்டமிட்ட பாடம் முடிந்ததா என்று பார்க்கிறவராக இருந்திருந்தால் அந்த வாய்ப்பு நழுவியிருக்கும்.

இனி அந்தச் ‘சாதனையாளர்’ விஷயம். உள்ளே நடந்த சிகிச்சையில் சாதனையாளருக்கென்று தனியாக எதுவும் இல்லை. மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுப்பவருக்கும் இதே படிவம், இதே வட்டம்தான். விளம்பரப் பெயருக்காக அல்லாமல், சிகிச்சை தருபவரின் தகுதிக்காகத்தான் பணம் கொடுக்க வேண்டும். எங்களுக்கு வாய்த்தவர் மருத்துவ உளவியலில் எம்.ஃபில். முடித்து, மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவர். பதிவு எண்ணைக் கேட்டதும் காட்டினார். மருந்து எழுதும் அதிகாரம் தனக்கு இல்லை, மருத்துவருக்கே உண்டு என்பதையும், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவேன் என்பதையும் முதல் நாளே சொன்னார். கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்கு ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால், 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

குறைகள் வரவேற்பறையில் தொடங்குகின்றன. ரகசியம் காப்பதைப் பற்றி அவ்வளவு அழகாகப் படிவம் எழுதியவர்கள், காத்திருப்போரை முழுப்பெயர் சொல்லி உரக்க அழைக்கிறார்கள். இரண்டாம் வாரம் அப்படி அழைக்கப்பட்ட ஒருவர் எனக்குத் தெரிந்த தொழிலதிபர். இருவரும் ஒரே நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் படிக்கத் தொடங்கினோம். கதவும் மெல்லியது. வாட்ஸப்பில் “வணக்கம், சாதனையாளரே!” என்று திங்கள்தோறும் வரும் செய்தியை நிறுத்தச் சொல்லி மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. தம்பதியர் அமர்வுக்கும் அதே ஐம்பது நிமிடம்தான் என்பதால், பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் எழுந்து, பேசாமல் அரியாங்குப்பம் வரை கார் ஓட்டியிருக்கிறோம்.

பணக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அமர்வு 1,800 ரூபாய். பன்னிரண்டு அமர்வுகளுக்கு முன்பணம் கட்டினால் பத்து விழுக்காடு தள்ளுபடி என்றதால் 19,440 ரூபாய் கட்டினேன். ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையை ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். பிறருடைய ரசீதுகளைப் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட நான் அதைப் பார்க்கவில்லை. மார்ச் மாத நெருக்கடியில் இரண்டு அமர்வுகள் தவறிப்போய்க் காலாவதியாயின. பி.எச்.க்யூ-9 மதிப்பெண் பத்தாம் அமர்வில் 6. மீதித் தொகையான 3,240 ரூபாயைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்வரை அதை வரவேண்டிய தொகையாகவே என் ஏட்டில் வைத்திருக்கிறேன்.