டேலி ஆபீஸிலேயே இருக்கட்டுமா, வாடகை சர்வருக்குப் போகட்டுமா, டேலியே வேண்டாமா?

திருப்பூரில் எனக்குத் தெரிந்த பனியன் கம்பெனி முதலாளி ஒருவர், போன மாதம் இரண்டு கொட்டேஷன்களை மேஜைமேல் போட்டு, "எதுங்க சரியா வரும்? நீங்களே சொல்லுங்க" என்றார். இப்போது ஆபீஸ் மூலையில் ஒரு கம்ப்யூட்டரில் கணக்கெழுதும் மென்பொருளான டேலி ஓடுகிறது, இன்னும் இரண்டு சிஸ்டம் அதோடு ஆபீஸ் நெட்வொர்க்கில் இணைந்திருக்கின்றன. முதல் கொட்டேஷன், அதே டேலியை வெளியே ஒரு நிறுவனத்தின் சர்வரில் ஏற்றி ரிமோட் டெஸ்க்டாப்பில், அதாவது அந்த சர்வரின் திரையை இங்கிருந்தே பார்த்து, திறப்பதற்கு. 'டேலி ஆன் கிளவுட்' என்று விற்கிறார்களே, அது. அடுத்தது, டேலியை விட்டுவிட்டு ஸோஹோ புக்ஸ் மாதிரி பிரவுசரில் ஓடும் ஒன்றுக்கு மாறுவதற்கு. "ரெண்டும் கிளவுட்தானே, விலைதான வித்தியாசம்?" என்று கேட்டார்.

விலை வித்தியாசம் கடைசிதான். அந்த இரண்டும் வேறு வேறு சரக்கு.

சர்வரில் ஏற்றிக் கொடுக்கும் வேலை புதிதே இல்லை. 1990களின் இறுதியில் அமெரிக்காவில் இதற்கு 'அப்ளிகேஷன் சர்வீஸ் புரொவைடர்' என்று பெயர். சாஃப்ட்வேரை வாங்கிக் கட்டி மேய்க்க வேண்டாம், நாங்கள் இன்டர்நெட் வழியாக வாடகைக்குத் தருகிறோம் என்றார்கள். அந்த அலையில் பெரிய பெயர், மேரிலாந்தில் 1998இல் தொடங்கிய யூஎஸ் இன்டர்நெட்வொர்க்கிங். 2002 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. மென்பொருள் நிறுவனம் எஸ்ஏபியும் சிப் நிறுவனம் இன்டெலும் கூட்டாக ஆரம்பித்த பாண்டெசிக் 2000லேயே மூடப்பட்டது. டாட்காம் சரிவு ஒரு காரணம். இன்னொன்று அடுப்புக் கணக்கு. நூறு வாடிக்கையாளர் வந்தால் நூறு தனித்தனி காப்பி, நூறு தனித்தனி பராமரிப்பு. மெஸ் வைத்தவர் ஆளுக்கொரு அடுப்பு பற்றவைத்த கதைதான், கூட்டம் கூடக் கூடச் செலவும் கூடும். 1999இல் வந்த சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம் ஒரே அண்டாவில் சமைத்தது. எல்லோருக்கும் ஒரே மென்பொருள், தட்டு மட்டும் தனித்தனி. ஸோஹோ புக்ஸ் இந்த இரண்டாவது வம்சம். 'டேலி ஆன் கிளவுட்' அந்தப் பழைய அடுப்பு வம்சம், புதுப் பெயரில்.

அதனாலேயே அது மோசம் என்று சொல்லவில்லை. கணக்குப் போடுபவர் பழகிய அதே திரை, அதே கீ. ஆனால் சின்னச் சின்னத் தொல்லைகள் வரும். பில் அடிக்கச் சொன்னால் ஆபீஸ் பிரிண்டர் ரிமோட்டில் தெரியாது, தெரிந்தால் எழுத்து நகர்ந்து விழும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் உங்கள் மேஜையில் செருகியிருக்கும், கேட்பதோ எங்கோ இருக்கும் சர்வர். பதினொன்றாம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) நெருக்கடியில் இதெல்லாம் சின்னத் தொல்லையாகத் தோன்றாது. என் வாடிக்கையாளர் ஒருவருக்கு இதைவிடப் பெரிதாக வந்தது. புதுப்பிப்புக் கட்டணத்தில் தகராறு, சர்வர்காரர் லாகினை நிறுத்திவிட்டார், பதினோரு நாள் டே புக் (அன்றாடக் கணக்குப் பதிவு) பார்க்க முடியவில்லை. பேர் வேண்டாம், விடுங்கள். டேட்டா ஃபோல்டரின் காப்பி தினமும் நம் கைக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

பிரவுசர் ரகத்துக்கு வருவோம். எல்லோரும் முதலில் கேட்பது, "நெட்டு போச்சுன்னா?" என்பதுதான். மாதாந்திர மின்தடை நாளை நினைத்துப் பாருங்கள். யூபிஎஸ் அரை மணியில் கீச்சிட ஆரம்பித்ததும் படுப்பது ஆபீஸ் சிஸ்டம்தான். லேப்டாப்பும் மொபைல் ஹாட்ஸ்பாட்டும் இருந்தால் பிரவுசர் கணக்கு மதியம்வரை ஓடும். உண்மையான சிக்கல் விரலில் இருக்கிறது. டேலியில் எஃப்5 தட்டினால் பேமென்ட் வவுச்சர். பிரவுசரில் அதே எஃப்5 பக்கத்தைப் புதுப்பித்துவிடும், பாதி அடித்த என்ட்ரி போய்விடும். பதினைந்து வருடம் டேலி அடித்த கையை வைத்துக்கொண்டு முதல் வாரம் படும் பாட்டைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

அப்புறம், வெளியேறும் வழி. சிஎஸ்வி (எக்செல்லில் திறக்கும் பட்டியல் ஃபைல்) ஏற்றுமதி உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள், உண்டுதான். ஆனால் எந்த ரசீது எந்த பில்லுக்கு என்ற முடிச்சும், இணைத்து வைத்த ஸ்கேன் பில்களும் அதே உருவில் இன்னொரு மென்பொருளுக்குள் போய் உட்காராது. ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் சந்தா கட்டுவீர்களா என்பதையும் விலையோடு சேர்த்துக் கூட்டுங்கள்.

சுவிட்ச் அடுத்தவர் கையில் இருப்பதன் அர்த்தம் பெரிய இடங்களிலேயே தெரிந்துவிட்டது. 2024 ஜூலை இறுதியில் வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சீ-எட்ஜ் டெக்னாலஜீஸ் மீது ரான்சம்வேர் (டேட்டாவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) விழுந்தபோது, அதை நம்பியிருந்த சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிவர்த்தனை நின்றது. 2025 ஜூலையில் ஐரோப்பியத் தடையைக் காரணம் காட்டி மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்த, எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனமான நயாரா எனர்ஜி டெல்லி உயர் நீதிமன்றம் போனது. சேவை திரும்ப வந்தது. பனியன் கம்பெனிக்கு அந்த அளவு வக்கீல் பலம் இருக்காது.

அதற்காக ஆபீஸ் கம்ப்யூட்டர் கோட்டை என்று நினைக்க வேண்டாம். "பேக்கப் எடுக்கறோம்" என்பார்கள். எங்கே என்று கேட்டால் அதே மெஷினின் டி டிரைவ், இல்லையென்றால் எப்போதும் செருகியபடி கிடக்கும் பென் டிரைவ். ரான்சம்வேர் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பூட்டும். கடைசியாக அந்த பேக்கப்பை ரீஸ்டோர் செய்து பார்த்தது எப்போது என்று கேட்டால் பதிலே வராது. பிரைவேட் லிமிடெட் என்றால் இன்னும் ஒன்று: மின்னணுக் கணக்குப் புத்தகத்தின் பேக்கப் இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் ஏற வேண்டும் என்று 2022 ஆகஸ்டிலிருந்தே விதி.

முதலாளிக்கு ஒரு ரகசியக் கேள்வியும் இருந்தது. பழைய தேதி என்ட்ரியை எதில் சுலபமாக மாற்றலாம்? அவருடையது பிரைவேட் லிமிடெட். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்கு எடிட் லாக் (யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு) கட்டாயம், எந்த ரகத்தில் மாற்றினாலும் தடம் இருக்கும். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டார்.

அப்படியானால் இந்த மாற்றமே எதற்கு என்று கேட்டேன். வெளியூர் போகும்போது பார்ட்டி பாக்கி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். டேலியின் இப்போதைய பதிப்பான டேலி பிரைமில் டிஎஸ்எஸ் (டேலி சாஃப்ட்வேர் சர்வீசஸ்) சந்தா நடப்பில் இருந்து, ஆபீஸ் சிஸ்டத்தில் கம்பெனி திறந்திருந்தால், பிரவுசரிலேயே ரிப்போர்ட் பார்த்துவிடலாம். இதற்குச் சர்வர் வாடகை எதற்கு? ஒரே இடம், ஒரே கணக்காளர், டேலி ஃபைல்தான் வேண்டும் என்கிற ஆடிட்டர் ஆபீஸ். இந்த நிலையில் இருப்பதை அப்படியே வைத்து, நல்ல யூபிஎஸ்ஸுக்கும் தினசரி வெளி பேக்கப்புக்கும் செலவழியுங்கள் என்றேன். பெருந்துறையில் இரண்டாவது யூனிட் போடுகிற அன்று, வாடகை சர்வரை எட்டிக்கூடப் பார்க்காமல் நேராக பிரவுசருக்குப் போய்விடுங்கள், அதையும் நிதியாண்டின் முதல் நாளில் செய்யுங்கள் என்றும் சொன்னேன்.

கொட்டேஷன்களை மடித்து டிராயரில் போட்டார். டிராயருக்குள் ஒரு பென் டிரைவ் கிடந்தது. எந்த வருடத்து பேக்கப் என்று கேட்டேன். கணக்காளரைக் கூப்பிட்டார், அவருக்கும் தெரியவில்லை.